பொகோட்டாவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

கொலம்பியாவின் தலைநகரமான பொகோட்டாவுக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை நண்பர்களையும் கூட அழைத்துப் போனேன். என்னென்ன பார்க்கலாம் என்ற பட்டியல் எல்லோர் கையிலும் இருந்தது. தடுமாறியதெல்லாம் வரிசையில்தான். விசாவைப் பற்றி யோசிக்காமல் டிக்கெட் போடுவது, ஊசியை மறப்பது, இறங்கிய அன்றே மலைக்குக் கிளம்புவது, திங்கட்கிழமை போய் மியூசியம் வாசலில் நிற்பது என்று ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இந்த ஊரில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எந்தக் கிழமை, எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். அதனால் வேலைகளை அவை வரும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் விசா, அப்புறம் டிக்கெட்

இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கொலம்பியா விசா வேண்டும். அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்களிடம் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்து, இறங்கும் நாளிலிருந்து அது இன்னும் 180 நாளாவது செல்லும் என்றால், தனி விசா இல்லாமலே சுற்றுலாவுக்கு உள்ளே விடுகிறார்கள். இந்த 180 நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போன மாதம் ஐரோப்பா போவதற்காக இருபது நாளுக்கு வாங்கிய ஷெங்கன் விசா இதற்கு உதவாது. விதிகள் மாறக்கூடியவை, எனவே பணம் கட்டுவதற்கு முன் அதே தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்தது போகும் வழி. இந்தியாவிலிருந்து பொகோட்டாவுக்கு நேரடி விமானம் இல்லை. தேடினால் அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட்டுகள் மலிவாகக் கண்ணில் படும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். அங்கே வெளிநாட்டுப் பயணிகள் குடியேற்றச் சோதனைக்குப் போகாமல் அடுத்த விமானத்துக்கு மாற வழியே கிடையாது என்பதுதான் காரணம். வளைகுடாவிலிருந்து கிளம்பினாலும் மயாமியில் இறங்கி ஏறும் டிக்கெட் என்றால் இதே கதைதான். சென்னையில் செக்-இன் கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதியை இந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். கொலம்பியா விசாவைக் கையில் எடுத்துக் காட்டிக்கொண்டே நின்றார்கள், பாவமாக இருந்தது.

அமெரிக்க விசா இல்லாதவர்களுக்கு இஸ்தான்புல் வழிதான் சிக்கல் குறைந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவரை அங்கே விசா கேட்பதில்லை. ஐரோப்பாவில் சில நாடுகள் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விமான நிலைய ட்ரான்சிட் விசா கேட்கும். எந்த ஊரில் மாறுகிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடைசியாக செக்-மிக் என்ற படிவம். கொலம்பியக் குடியேற்றத் துறையின் தளத்தில், விமானம் கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நிற்கிறீர்கள் என்றால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள், வெளியே வாருங்கள்.

2. மஞ்சள் காய்ச்சல் ஊசி

எல்லோரும் மறப்பது இதைத்தான். பொகோட்டா உயரத்தில் இருக்கும் குளிர் நகரம், அங்கே மஞ்சள் காய்ச்சல் கொசு இல்லை, அப்புறம் எதற்கு ஊசி என்று கேட்பார்கள். சிக்கல் போகும்போது இல்லை, திரும்பும்போதுதான். இந்தியாவில் அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இருக்கிறது, ஆனால் வைரஸ் இன்னும் வரவில்லை. அது வந்துவிடக் கூடாது என்பதற்காக மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், கொலம்பியா அதில் இருக்கிறது. அங்கிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இந்தியக் குடிமகன் என்பதால் விலக்கு எதுவும் இல்லை.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ராஜாஜி சாலையில் இருக்கும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய்ப் போட்டுக்கொள்ள முடியாது, முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட்டும் கொண்டு போக வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுடனே வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டால் கேட்கும் இடத்தில் கையில் இருக்காது.

3. பணமும் போனும்

வங்கி ஆப்பில் உங்கள் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இங்கேயே திறந்துவிடுங்கள். அங்கே போய்த் திறக்கலாம் என்று விட்டால் ஓடிபி வராது. அதற்காகவே இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்து, இணையத்துக்கு மட்டும் இ-சிம்மோ உள்ளூர் சிம்மோ போட்டுக்கொள்வது நல்லது.

கொலம்பிய பெசோவுக்கும் $ குறிதான். மெனு அட்டையில் $20.000 என்று பார்த்து அரண்டுபோக வேண்டாம், அது இருபதாயிரம் பெசோ. ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் கமாவுக்குப் பதில் புள்ளி வைப்பார்கள். பேச்சில் பல நேரம் ஆயிரத்தையே விழுங்கிவிட்டு வெறும் இருபது என்றுதான் சொல்வார்கள்.

கார்டைக் கொடுத்ததும் காசாளர் 'குவோத்தாஸ்' என்று ஏதோ கேட்பார். எத்தனை தவணை என்று அர்த்தம். 'ஊனா' என்று சொல்லுங்கள், ஒன்று. ஏடிஎம்மில் உங்கள் நாட்டுப் பணத்துக்கே மாற்றித் தரட்டுமா என்று திரையில் வந்தால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும். மால், வங்கி போன்ற கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம் மட்டும் போதும், தெருவோரத்தில் இருப்பது வேண்டாம்.

4. பெட்டியில் என்ன வைப்பது

வரைபடத்தில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பருத்திச் சட்டைகளோடு வந்து நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பொகோட்டா 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது நம் நீலகிரியின் உச்சியில் சென்னை அளவுக்கு ஒரு நகரத்தை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. வருடம் முழுக்கப் பகலில் பத்தொன்பது டிகிரி போல, இரவில் பத்துக்கும் கீழே. வீடுகளிலும் பெரும்பாலான விடுதிகளிலும் ஹீட்டர் இருக்காது, எனவே குளிருக்கான துணியை அறைக்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரே பெரிய ஜாக்கெட்டை விட மெல்லிய அடுக்குகள் மேல். காலையில் வெயில், இரண்டு மணிக்கு மழை, நான்கு மணிக்கு மறுபடி வெயில் என்று ஒரே நாளில் மாறும். மழை தாங்கும் மேலாடை, மடக்குக் குடை, பிடிமானமுள்ள ஷூ. சன்ஸ்கிரீனும் வேண்டும். குளிர்கிறதே என்று விட்டுவிட்டால் அந்த உயரத்து வெயில் முகத்தைப் பொசுக்கிவிடும்.

மின்சாரம் 110 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி பிளக். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். நம்மூர் 220 வோல்ட் கெட்டில் அங்கே சரியாகச் சூடாகாது, தூக்கிப் போகாதீர்கள்.

5. எங்கே தங்குவது

புது ஆட்கள் எல்லோரும் லா கண்டெலாரியாவில் அறை எடுப்பார்கள். பழைய நகரம், மியூசியங்கள் எல்லாம் நடந்து போகும் தூரம். பகலில் அது சரி. இருட்டியதும் அலுவலகங்களும் கல்லூரிகளும் மூடி, தெருக்கள் காலியாகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டு நடந்து திரும்ப முடியாத இடத்தில் தங்குவது சிரமம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது சாப்பினேரோ ஆல்ட்டோ, சோனா ஹே என்ற உணவகப் பகுதி, அல்லது இன்னும் வடக்கே பார்க்கே தே லா 93 சுற்றுவட்டாரம். பணம் கொஞ்சம் கூடும், ஆனால் இரவு ஒன்பது மணிக்கும் தெருவில் குடும்பங்கள் நடமாடும். வடக்கே போகப் போக மியூசியங்களுக்கான தூரமும் கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், நெரிசல் நேரத்தில் அது ஒரு மணி நேரம் கூட ஆகும்.

6. இறங்கிய முதல் 24 மணி நேரம்

எல் டொராடோ விமான நிலையத்தில், உள்ளே வந்து 'டாக்ஸி, டாக்ஸி' என்று கூப்பிடுகிறவர்களைத் தாண்டி வெளியே வாருங்கள். அதிகாரபூர்வ மஞ்சள் டாக்ஸி வரிசை இருக்கிறது, அதில் ஏறுங்கள். இரவிலும் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் கூடுதல் கட்டணம் உண்டு, அது ஏமாற்று இல்லை, விதி. பெட்டியோடு முதல் நாளே பஸ்ஸில் ஏற வேண்டாம்.

அப்புறம் உயரம். முப்பது மணி நேரம் பயணம் செய்து, பத்தரை மணி நேர வித்தியாசத்தில் தூக்கமும் கெட்டு, நேராக 2,640 மீட்டரில் இறங்கியிருக்கிறீர்கள். படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை கனக்கும், சிலருக்குப் பசி இருக்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகும். நிறையத் தண்ணீர் குடியுங்கள் (குழாய்த் தண்ணீரே அங்கே குடிக்கலாம்), சூப் மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள், முதல் இரவு மது வேண்டாம். தங்கும் இடத்தைச் சுற்றி மெதுவாக ஒரு நடை, அவ்வளவுதான் முதல் நாள் வேலை. தலைவலி குறையாமல் வாந்தி, தள்ளாட்டம் என்று போனால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். இதய, நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும்.

சமையலறை உள்ள வீடு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே தண்ணீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அடுப்பை அணைத்தால் அரிசி நடுவில் கல்லாக இருக்கும், பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரஷர் குக்கர் இருக்கிற வீடா என்று முன்பே கேளுங்கள்.

7. முகவரி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு அரை மணி நேரம் கொடுத்தால் மீதி நாட்கள் சுலபமாகப் போகும். நடுத்தெருவில் போனை எடுத்து மேப் பார்ப்பதுதான் இந்த ஊரில் செய்யக் கூடாத வேலை, முகவரி புரிந்துவிட்டால் அதற்கான தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

நகரத்தின் கிழக்கே மலைத்தொடர், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். மலையைப் பார்த்து நின்றால் இடது கை பக்கம் வடக்கு. மலைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுவது 'கரேரா', மலையை நோக்கி ஓடுவது 'காயே'. மலையிலிருந்து விலக விலக கரேரா எண் கூடும். வடக்கே போகப் போக காயே எண் கூடும்.

தங்க மியூசியத்தின் முகவரி: கரேரா 6 # 15-88. முதலில் வருவது நீங்கள் நிற்க வேண்டிய தெரு. # குறிக்குப் பின் வரும் 15, அதை வெட்டும் காயே. கடைசி 88, அந்த முனையிலிருந்து ஏறக்குறைய எத்தனை மீட்டர் என்பது. கொலம்பிய ஓவியர் பொட்டேரோவின் பெயரில் இருக்கும் பொட்டேரோ மியூசியம்: காயே 11 # 4-41. இப்போது மேப் இல்லாமலே சொல்லலாம். தங்க மியூசியத்திலிருந்து காயே 15-இல் தொடங்கி 11 வரை நான்கு தெரு தெற்கே, கரேரா 6-இலிருந்து 4 வரை இரண்டு தெரு மலைப் பக்கம். என்னோடு வந்த நண்பர் ஒருவர் மூன்றாவது நாளே முகவரியைப் படித்துவிட்டு, மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரியான பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பிசகும் இடம் ஒன்று உண்டு. எண்ணுக்குப் பின் 'சூர்' என்று இருந்தால் தெற்கு என்று பொருள். காயே 11 வேறு, காயே 11 சூர் வேறு, இரண்டும் பல கிலோமீட்டர் தள்ளி. டாக்ஸியில் முகவரி சொல்லும்போது இதைக் கவனியுங்கள்.

8. டிரான்ஸ்மிலேனியோ பஸ்

சாலையின் நடுவில் தனித் தடத்தில் ஓடும் சிவப்பு நிறத் தொடர் பஸ்கள். மெட்ரோ ரயிலின் முதல் பாதை இப்போதுதான் கட்டுகிறார்கள், அந்த வேலையால் கராக்காஸ் அவென்யூவில் சில நிலையங்கள் மூடியோ இடம் மாறியோ இருக்கும். அதனால் கிளம்பும்போது அன்றைய வழியை ஒருமுறை ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

வேண்டியது ஒரு கார்டு, பெயர் 'துயாவே'. நிலைய வாசல் கவுண்டரில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். நீல நிற நகரப் பஸ்களுக்கும் இதே கார்டுதான். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், கண்டக்டரும் கிடையாது. திரும்பி வரவும் சேர்த்தே பணம் ஏற்றுங்கள், மாலை நேரக் கவுண்டர் வரிசை நீளமாக இருக்கும்.

புதியவர்கள் தடுமாறுவது எழுத்தில். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து, அந்தப் பஸ் எந்தப் பகுதியில் போய் முடிகிறது என்பதைச் சொல்கிறது. தங்க மியூசியம் பக்கம் போக ஜே, வடக்கு நெடுஞ்சாலைக்கு பி, விமான நிலையம் போகும் காயே 26 பக்கத்துக்கு கே. அதாவது காலையில் ஜே-யில் வந்தவர் மாலையில் அதே ஜே-யில் ஏறினால் வீட்டுக்குப் போக மாட்டார். திரும்பும்போது எழுத்து மாறும் என்பதை மனதில் வையுங்கள்.

அடுத்தது, எல்லாப் பஸ்ஸும் எல்லா நிலையத்திலும் நிற்காது. எழுத்து இல்லாமல் ஒற்றை இலக்க எண் மட்டும் உள்ளவை எல்லா நிலையத்திலும் நிற்பவை. குழப்பமாக இருந்தால் அதில் ஏறுங்கள், மெதுவாகப் போனாலும் தவற விடாது. நிலையத்துக்குள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனிக் கதவு. தப்பான கதவில் நின்றால் உங்கள் பஸ் இருபது மீட்டர் தள்ளி நின்றுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காலை ஆறு முதல் எட்டரை, மாலை நாலரை முதல் ஏழரை. இந்த நேரங்களில் நம் ஊர் பீக் அவர் பஸ் மாதிரிதான், கூட்டத்தில் போன் போய்விடும். பையை முன்பக்கம் மாட்டுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் பயணமே வைக்காதீர்கள்.

9. கிழமை பார்த்துத் திட்டம் போடுங்கள்

திங்கட்கிழமை தங்க மியூசியம் விடுமுறை. செவ்வாய்க்கிழமை பொட்டேரோ மியூசியம் விடுமுறை. பழைய நகரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அது புதன் முதல் சனிக்குள் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தங்க மியூசியம் இலவசம், அதனாலேயே கூட்டமும் அதிகம். பொட்டேரோ எல்லா நாளும் இலவசம்.

கொலம்பியாவில் பல அரசு விடுமுறைகளைச் சட்டம் போட்டே திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த நீண்ட வார இறுதிக்கு 'புவெந்த்தே', அதாவது பாலம் என்று பெயர். அந்த நாட்களில் நகரத்துச் சாலைகள் காலியாக இருக்கும், வெளியூர் இடங்கள் நிரம்பி வழியும். நீங்கள் போகும் மாதத்து நாட்காட்டியை முன்பே பார்த்துவிடுங்கள்.

மொன்செர்ராத்தே மலை 3,152 மீட்டர். இதை மூன்றாவது நாளுக்கு முன் வைக்காதீர்கள், நகரத்தின் உயரத்துக்கே உடம்பு பழகாதபோது இன்னும் 500 மீட்டர் ஏற்றுவது வீண் வேலை. வார நாளில் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் கீழே வெள்ளைத் திரைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேலே இருக்கும் தேவாலயத்துக்கு உள்ளூர் பக்தர்கள் பெருங்கூட்டமாக வருவார்கள், ரோப் காருக்கே நீண்ட நேரம் நிற்க வேண்டும். ரோப் கார், மலை ரயில் இரண்டில் எது அப்போது ஓடுகிறதோ அதில் ஏறுங்கள், மேலே போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். பழைய நகரத்திலிருந்து மலையடிவாரம் நடந்து போகும் தூரம்தான், ஆனாலும் நடக்காதீர்கள். அந்த வழியில் வழிப்பறி நடந்திருக்கிறது, வாசல் வரை டாக்ஸியில் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை சிக்லோவியா. நகரத்தின் முக்கியச் சாலைகளில் 120 கிலோமீட்டருக்கும் மேல் கார்களை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். தாத்தா பாட்டி, நாய், மூன்று சக்கர சைக்கிளில் குழந்தை, பழச்சாறு வண்டி என்று ஊரே சாலையில் இருக்கும். இந்த ஊரைப் புரிந்துகொள்ள எந்த மியூசியத்தையும் விட இந்த ஒரு காலை உதவும் என்று நான் மனதார நம்புகிறேன். கரேரா 7-இல் வடக்கே போனால் உசாக்கேன் வரும், அங்கே ஞாயிறு சந்தை. கைவினைப் பொருள் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

ஐந்து நாள் இருக்கிறது என்றால் நான் இப்படி வைப்பேன்: புதன் இறங்கி ஓய்வு, வியாழன் பழைய நகரம், வெள்ளி விடிந்ததும் பலோகெமாவ் சந்தையில் பூவும் பழமும் பார்த்துவிட்டு நேராக மொன்செர்ராத்தே, சனி சிப்பாகிரா என்ற வெளியூரில் உப்புச் சுரங்கத் தேவாலயம், ஞாயிறு சிக்லோவியாவும் உசாக்கேனும். எந்த நாளாக இருந்தாலும் வெளியில் பார்ப்பதைக் காலையிலும் கூரைக்குக் கீழே பார்ப்பதை மதியத்துக்கும் வையுங்கள், மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான்.

தங்க மியூசியத்துக்குள் போனால் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்கள் செய்த தங்கப் படகைத் தேடிப் போங்கள். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவு, சுமார் இருபது சென்டிமீட்டர் நீளம். நடுவில் தலைவர், சுற்றிலும் கம்பி மாதிரி மெல்லிய உருவங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று நிதானமாகப் பாருங்கள்.

10. சாப்பாடு

மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் சின்னக் கடைகளில் 'மெனு தெல் தியா' என்று பலகை வைத்திருப்பார்கள். சூப், சோறு, பீன்ஸ் அல்லது உருளை, ஓர் இறைச்சி, ஒரு ஜூஸ், எல்லாம் சேர்த்து ஒரே விலை. அலுவலகம் போகிறவர்கள் சாப்பிடும் கடையில் உட்காருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். 'கார்னே' என்றால் அங்கே பேச்சு வழக்கில் மாட்டிறைச்சி. என்னோடு வந்த ஒரு அக்கா 'சின் கார்னே' என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டார், கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு கோழி போட்ட அஹியாக்கோ சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் கோழி கார்னே இல்லை. 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள், மாடு, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று. சூப்பின் தண்ணீர் எதில் கொதித்தது என்றும் கேளுங்கள், பல நேரம் அது எலும்புச் சாறுதான்.

கோழி சாப்பிடுகிறவர்கள் அஹியாக்கோவை விடக் கூடாது. மூன்று வகை உருளைக்கிழங்கு, அதில் ஒன்று கரைந்து சூப்பையே கெட்டியாக்கிவிடும், மேலே குவாஸ்காஸ் என்ற மூலிகையின் வாசனை. குளிரில் உட்கார்ந்து சாப்பிட அதற்கு நிகர் இல்லை.

'தின்தோ' என்றால் கறுப்புக் காப்பி, ஒயின் இல்லை. 'அக்வாபனேலா' என்பது வெல்லத் தண்ணீர். பனேலா நம் அச்சு வெல்லமேதான், அதே நிறம், அதே வாசனை. தொண்டை கட்டினால் எலுமிச்சை பிழிந்து சூடாகக் கேளுங்கள். சூடான சாக்லேட்டுக்குள் சீஸ் துண்டைப் போட்டு, உருகியதும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் வழக்கத்தையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

பழங்களுக்கு ஒரு காலை முழுக்கக் கொடுக்கலாம். லூலோ, குருபா, மஞ்சள் பித்தாயா, அப்புறம் உச்சுவா. உச்சுவா நம் வயல் வரப்பில் கிடைக்கும் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவு, அதே காகித உறை. ஜூஸ் கேட்டால் தண்ணீரிலா பாலிலா என்று கேட்பார்கள். புளிப்புப் பழத்துக்குத் தண்ணீர், முள்ளுச் சீத்தா மாதிரி இனிப்புக்குப் பால்.

உணவகத்தில் பில் வரும்போது 10 சதவீத சேவைத்தொகை சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் நன்றாகக் கவனித்திருந்தால் சரி என்று சொல்லுங்கள்.

11. பப்பாளி கொடுக்காதீர்கள்

'நோ தார் பப்பாயா' என்று அங்கே வாய்க்கு வாய் சொல்வார்கள். நேர் அர்த்தம் பப்பாளி கொடுக்காதே, சொல்ல வருவது அடுத்தவருக்கு வாய்ப்புக் கொடுக்காதே. பாதுகாப்பு விஷயத்தில் உள்ளூர்க்காரர்கள் பின்பற்றுவது இந்த ஒரு வரியைத்தான்.

நடந்துகொண்டே போன் பார்ப்பது, பஸ் ஜன்னலோரம் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, மேசை மேல் போனை வைத்துவிட்டுச் சாப்பிடுவது, இவை எல்லாம் பப்பாளி. வழி பார்க்க வேண்டுமா, ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்து நகலோடு சுற்றுங்கள்.

தெருவில் கைகாட்டி டாக்ஸி நிறுத்தாதீர்கள், முக்கியமாக இரவில். வழியில் வேறு ஆட்கள் ஏறிக்கொண்டு ஏடிஎம் ஏடிஎம்மாகக் கூட்டிப் போகும் குற்றம் இங்கே பழையது, அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. ஆப்பில் அழைத்தால் வண்டி எண்ணும் வழியும் பதிவாகும், விடுதியிலோ உணவகத்திலோ சொன்னாலும் அழைத்துத் தருவார்கள்.

அறிமுகமில்லாதவர் தரும் பானம், சிகரெட், மிட்டாய் எதுவும் வேண்டாம். ஸ்கோபோலமின் என்ற மருந்தைக் கலந்து, ஆளை நினைவில்லாமல் ஆக்கிக் கொள்ளையடிப்பது உண்மையாகவே நடக்கிறது. உங்கள் கோப்பையையும் கண்ணில் படாமல் விடாதீர்கள். போலீஸ் என்று சொல்லி யாராவது பணத்தைக் காட்டச் சொன்னால், பக்கத்தில் உள்ள போலீஸ் சாவடிக்குப் போகலாம் என்று சொல்லுங்கள், ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று இருக்கும். அவசர எண் 123. அப்படியும் ஒருவன் வழிமறித்து போனைக் கேட்டால் எதிர்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து அறையில் உட்கார வேண்டாம். மக்கள் அவ்வளவு மரியாதையானவர்கள். கடையில் நுழைந்தால் 'ஆ லா ஓர்தென்' என்பார்கள், என்ன வேண்டும் என்பது மாதிரி. வயதான கடைக்காரர் 'சுமெர்செ' என்று கூப்பிட்டால் அது மரியாதையும் பாசமும் கலந்த 'நீங்க'. ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், 'புவெனோஸ் தியாஸ்' சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே முரட்டுத்தனம்.

12. சிப்பாகிராவுக்கு ஒரு நாள்

ஐம்பது கிலோமீட்டர் வடக்கே, உப்புச் சுரங்கத்துக்குள் சுமார் 180 மீட்டர் ஆழத்தில் ஒரு தேவாலயம். டிரான்ஸ்மிலேனியோவில் வடக்குக் கடைசி நிலையமான போர்த்தால் நோர்த்தே போய், அங்கேயே சிப்பா என்று எழுதியிருக்கும் வெளியூர்ப் பஸ்ஸில் ஏறலாம். டூர் எடுக்கத் தேவையில்லை. காலையில் கிளம்புங்கள், மாலையில் நகரத்துக்குள் நுழையும் சாலை நெரிசலில் நகராது. உள்ளே ஈரமாகக் குளிர்ந்திருக்கும், நடையும் உண்டு.

13. திரும்பும் நாள்

விமான நிலையத்துக்கு நெரிசல் நேரத்தில் கிளம்பினால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். வெளியேறும் போதும் செக்-மிக் நிரப்ப வேண்டும், முந்தைய இரவே முடித்துவிடுங்கள்.

காப்பிக் கொட்டை, வாழையிலை போன்ற இலையில் சுற்றிய கொய்யாப்பழ மிட்டாய் எல்லாம் வாங்கி வரலாம். கோக்கா இலை டீ மட்டும் வேண்டாம். அங்கே கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று ஒரு பாக்கெட் பெட்டியில் போட்டால், இந்தியாவில் அது போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வரும், வழியில் விமானம் மாறும் நாட்டிலும் மாட்டிக்கொள்ளலாம். அன்பளிப்பாக யாராவது கொடுத்திருந்தாலும் விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறதா என்று டாக்ஸியில் ஏறுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். சென்னையில் இறங்கியதும் சுகாதாரக் கவுண்டரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.